ஓமலூரில் ஒரு சொம்பு மாங்காத் தண்ணி

ஓமலூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது?

ஒன்றும் வராது. வெட்கப்பட வேண்டாம். சேலத்திலிருந்து பெங்களூர் போகிற பஸ்ஸில், முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை முட்டுக் கொடுத்து நீங்கள் தூங்க ஆரம்பிக்கிற இடம் அது. விழித்துப் பார்த்தால் தர்மபுரி வந்திருக்கும். ரயிலில் போகிறவர்களும் அப்படியே. ஓமலூர் ஒரு ஜங்ஷன். ஒரு தண்டவாளம் மேட்டூர் அணைக்கு, இன்னொன்று தர்மபுரி, ஓசூர் வழியாக பெங்களூருக்கு. இரண்டு பக்கமும் ஆட்களை அனுப்பி வைத்துவிட்டு, தன்னிடம் யாரும் இறங்கவில்லையே என்று கவலைப்படாமல் நிற்கிற ஊர்.

நான் இறங்கினேன். போன மே மாதம், பத்து நாள். காரணம், பெரியம்மாவின் போன்.

"உங்க பெரியப்பாருக்குக் கண்ணு சரியில்ல சாமி. பேப்பரு படிக்க ஆளில்லாம என் உசுர வாங்கறாரு. நீதான் வேலைக்குப் போறதில்லையே, வந்து ஒரு பத்து நாளு இருந்துட்டுப் போயேன்."

(பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைப்பதற்கு எங்கள் சொந்தபந்தத்தில் 'வேலைக்குப் போறதில்லை' என்று பெயர். பி.காம். முடித்து, ஆறு வருஷம் ஆடிட்டர் ஆபீஸில் மற்றவர்களின் லாபத்தைக் கூட்டிக் கழித்தவன் நான். அது வேலை. இது இல்லை.)

சேலம் புது பஸ் ஸ்டாண்டில் மேட்டூர் பஸ், தர்மபுரி பஸ் எதில் ஏறினாலும் ஓமலூர் வரும். சுமார் 15 கிலோமீட்டர். வழியில் கருப்பூர். 1997-ல் ஆரம்பித்த பெரியார் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பக்கமெல்லாம் வெள்ளை வெள்ளையாக மேடுகள். மாக்னசைட் வெட்டிப் போட்ட மண். இரும்பு உருக்குகிற உலைக்கு உள்ளே பதிக்கிற செங்கல் அந்தக் கல்லிலிருந்துதான் செய்கிறார்கள். எத்தனை சூட்டையும் தாங்குமாம். மே மாத மத்தியானம் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து போய்ப் பாருங்கள், அதற்கு டிரெயினிங் எங்கே கிடைத்தது என்று தெரிந்துவிடும்.

வலது கையில் சேர்வராயன் மலை கூடவே வரும். அங்கே பிறந்து ஓமலூர் வழியாகப் போகிற ஆற்றுக்குச் சரபங்கா என்று பெயர். சரபங்க முனிவர் தவம் இருந்த இடமாம். மே மாதத்தில் அதை ஆறு என்று சொல்வதற்கு முனிவர் அளவுக்கு நம்பிக்கை வேண்டும்.

பெரியப்பா வீடு ஓட்டு வீடு. முன்னால் திண்ணை, பின்னால் ஒரு மாமரம். நான் பையைக் கீழே வைக்கவில்லை, பெரியம்மா ஒரு எவர்சில்வர் சொம்பை நீட்டினார். மாங்காத் தண்ணி.

இதைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். வடக்கே 'ஆம் பன்னா' என்று பெயர் வைத்து ஹோட்டலில் கண்ணாடி டம்ளரில் தருகிறார்களே, அதன் அக்கா முறை. புளிப்பு மாங்காய் இரண்டை அடுப்புத் தணலில் போட்டுப் புரட்டிப் புரட்டி, தோல் கருகி உள்ளே கொழகொழவென்று ஆகும்வரை சுட வேண்டும். ஆறினதும் தோலை உரித்து, சதையைக் கையாலேயே பிசைய வேண்டும். (மிக்ஸியைத் தொட்டால் பெரியம்மா உங்களைத் தொடுவார், கரண்டியால்.) பானைத் தண்ணீர், தட்டிய வெல்லம், உப்பு, வறுத்துப் பொடித்த சீரகம், ஒரு சிட்டிகை சுக்கு. வடிகட்ட வேண்டாம். முதல் மடக்கில் புளிப்பு, இரண்டாவதில் இனிப்பு, மூன்றாவதில் அந்தக் கருகல் வாசனை மூக்கு வழியாக வெளியே வரும். 1977-ல் கோகோ கோலா இந்தியாவை விட்டுப் போனபோதும், 1993-ல் திரும்பி வந்தபோதும் பெரியம்மாவின் பானை அதைக் கவனிக்கவே இல்லை.

மேன்ஷனில் இருக்கிற நண்பர்கள் 'தணலுக்கு எங்கே போவது?' என்று கேட்பீர்கள். வேண்டாம். மாங்காயைக் குக்கரில் இரண்டு விசில் விடுங்கள். சதையை வழித்து, உப்புப் போட்டுக் கண்ணாடி பாட்டிலில் அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். அலுமினியம், பித்தளை வேண்டாம், புளிப்பு அரித்துவிடும். காலையில் இரண்டு ஸ்பூன் எடுத்துத் தண்ணீரில் கலக்கி, ஆபீசுக்குக் கொண்டு போகலாம். கருகல் வாசனை கிடைக்காது. அதற்குப் பெரியம்மா வேண்டும்.

கடையில் வாங்குகிற மாம்பழ பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்திருக்கிறீர்களா? நம் நாட்டு உணவு விதிப்படி நூற்றுக்குப் 10 பங்கு பழச்சாறு இருந்தாலே அதற்கு 'ஃப்ரூட் டிரிங்க்' என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். எலுமிச்சை என்றால் 5 போதும். எந்த பாலன்ஸ் ஷீட்டிலாவது 10 ரூபாய் சரக்கை வைத்துக்கொண்டு 100 ரூபாய்க்குக் கணக்குக் காட்டியிருந்தால் என் பழைய ஆடிட்டர் பேனாவை மூடிவிட்டு எழுந்து போயிருப்பார்.

பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ரிட்டயர் ஆனவர். நான் கிட்டே போய் நின்றபிறகு, "யாரு?" என்றார்.

அது எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. ஏனென்றால், நாலு வயல் தாண்டி வருகிற ஆளைப் பார்த்து, "உங்க மாமன் வர்றான், செருப்பு புதுசு" என்று சொல்கிற கண் அது.

சர்க்கரை. இருபது வருஷமாக இருக்கிறது. கண்ணுக்குள் விழித்திரை என்று ஒன்று, அதிலே நூலை விட மெல்லிசாக ரத்தக் குழாய்கள். ரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்கில் ஏறியே இருந்தால் அந்தக் குழாய்கள் கசிகின்றன, அடைகின்றன. வலியே தெரியாது. அதுதான் மோசம். சர்க்கரை இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணைக் காட்ட வேண்டும் என்று டாக்டர்கள் சொல்வது இதற்காகத்தான். பெரியப்பா காட்டவில்லை. பேப்பரில் எழுத்து சிறிதாகிவிட்டது என்று பேப்பர்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தார். சேலத்தில் டாக்டர் லேசர் வைத்து, ஊசி போட்டு, "போன பார்வையைக் கொண்டு வர முடியாதுங்க. இருக்கறதைக் காப்பாத்தலாம். காலையில வெறும் வயித்துல 130-க்குள்ள இருக்கணும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

ஆகவே பெரியம்மா சமையலறையில் இரண்டு பானை வைத்திருந்தார். ஒன்றில் வெல்லம் போட்டது, வருகிறவர்களுக்கு. இன்னொன்றில் உப்புப் போட்டது, பெரியப்பாவுக்கு. இருட்டில் பானை மாறிவிடக் கூடாதே என்று, வெல்லப் பானையின் கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு கட்டியிருந்தார்.

சின்ன வயதில் கோடை லீவுக்கு நான் இங்கேதான் வருவேன். அலமாரி முழுக்க பெரியப்பா பைண்டு செய்து வைத்த தொடர்கதைகள். வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்து, சேர்த்து, காலிகோ அட்டை போட்டது. ஓரத்தில் பாதி ஜோக்கும் பாதி சினிமா விமரிசனமும் ஒட்டிக்கொண்டிருக்கும். (அந்தப் பாதி ஜோக்குகளின் மீதி இன்றுவரை எனக்குத் தெரியாது.) ஒரு அத்தியாயம் படித்து, கதையைச் சொன்னால்தான் ஒரு சொம்பு. தப்பாகச் சொன்னால் தண்ணி கிடையாது. நான் எழுத்தாளன் ஆனதற்கு மேல்நாட்டு இலக்கியம் எதுவும் காரணமில்லை. தாகம்.

இரண்டாவது நாள் வெல்லம் வாங்கப் போனோம். ஓமலூர் வட்டாரத்தில் வெல்லம் காய்ச்சுகிற ஆலைகள் நிறைய. எலுமிச்சம்பழ நிறத்தில் பளபளவென்று அடுக்கியிருந்ததை நான் கையில் எடுத்தேன். பெரியப்பா அதை வாங்கி, முகர்ந்து, ஒரு துளி நாக்கில் வைத்து, திருப்பிக் கொடுத்தார்.

"கலருக்காக ஏதோ போட்டிருக்கான். கறுப்பா, பாக்கறதுக்கு அழகில்லாம இருக்குமே, அதை எடு."

அவருக்கு நிறம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மூக்கால் கண்டுபிடித்தார். கரும்புச் சாற்றின் அழுக்கை வெளுக்க ஹைட்ரோஸ் என்கிற ரசாயனத்தைப் போடுவதும், சாறு போதாதபோது சீனியைக் கொட்டிக் காய்ச்சுவதும் இந்தத் தொழிலில் நடக்கிற கோல்மால்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் மூட்டை மூட்டையாகப் பிடித்ததாக அவ்வப்போது செய்தி வரும். கறுத்த வெல்லம் பார்க்க நல்லாயிருக்காது, பானகம் அதில்தான் நல்லாயிருக்கும். அதற்காக 'வெல்லம் நாட்டுச் சரக்கு, சர்க்கரைக்காரங்களை ஒண்ணும் பண்ணாது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதுவும் சர்க்கரைதான். வேட்டி கட்டின சர்க்கரை.

பழங்களில் இந்தப் பக்கம் ராஜா, மல்கோவா. சேலத்து மல்கோவாவை ஜூஸ் போடுகிறவனுக்கு நரகத்தில் தனி ரூம் உண்டு. ஜூசுக்கென்றே பிறந்தது பெங்களூரா, கிளிமூக்கு மாங்காய் என்பார்களே, அது. இதே ரோட்டில் மேலே போனால் கிருஷ்ணகிரியில் அதை டன் கணக்கில் கூழாக்கி டப்பாவில் அடைக்கிறார்கள். விளாம்பழம் கிடைத்தால் விடாதீர்கள். ஓட்டை உடைத்து, சதையை வெல்லத்தோடு கரைத்துக் குடிக்கலாம். இலங்கையில் அதிலே தேங்காய்ப்பால் விடுகிறார்கள், ஒரு தடவை கொழும்பில் குடித்துவிட்டு அரை நாள் யாரிடமும் சண்டை போடாமல் இருந்தேன். கொய்யாவை மட்டும் கடித்துத்தான் தின்ன வேண்டும். ஆரஞ்சை விட வைட்டமின் சி அதில் பல மடங்கு. ஆனால் ஜூஸாக்கினால் மூக்குச்சளி மாதிரி இருக்கும், மன்னிக்கவும்.

நாலாவது நாள் ராத்திரி. பதினோரு மணி இருக்கும். சமையலறையில் 'டங்' என்று ஒரு சத்தம். பூனை என்று எழுந்து போனேன்.

பெரியப்பா. இருட்டில் நின்றுகொண்டு, பானைகளின் கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் மஞ்சள் கயிற்றில் பட்டதும் நின்றது. சொம்பை உள்ளே விட்டார்.

அவர் குடிக்கக் கூடாது என்று கட்டிய அடையாளம், அவர் கண்டுபிடிப்பதற்கு வசதியாகிவிட்டது.

"பெரியப்பா..."

அவர் திடுக்கிடவில்லை. "நீயா? உங்க பெரியம்மாகிட்ட சொல்லிடாத."

"எத்தனை நாளா இது?"

"அது எதுக்கு உனக்கு? நான் படிச்சேன், இதைக் குடிச்சேன். அம்பது வருஷமா எனக்கு இருந்த சொகம் இது ரெண்டுதான். ஒண்ணு போயிடுச்சு. இன்னொண்ணையும் எழுதிக் குடுத்துடுன்னா, மிச்சம் எதுக்குடா கண்ணு?"

ஆறு வருஷம் ஆடிட்டர் ஆபீஸில் இருந்தவனுக்கு இந்தக் கேள்விக்கு பதில் தெரியவில்லை. செய்ய முடிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். சொம்பை அவர் கையிலிருந்து வாங்கி, மிச்சத்தை நான் குடித்தேன். காலையில் பெரியம்மாவிடமும் சொல்லவில்லை. கோழை.

மறுநாள் கிளை நூலகத்துக்குப் போனேன். அந்நாளைய சென்னை மாகாணம் 1948-ல் நூலகத்துக்கென்று சட்டம் போட்டது. சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல். உங்கள் வீட்டு வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 பைசா நூலக வரியாகப் போகிறது என்பது உங்களுக்குத் தெரியுமா? காசு கட்டிவிட்டுச் சரக்கை எடுக்காமல் இருப்பவர்கள் உலகத்தில் நாம்தான். பெரியப்பா பெயரில் பழைய அட்டை இருந்தது. நூலகர் புரட்டிப் பார்த்து, "சார் நல்லாருக்காரா? மூணு வருஷமாக் காணோமே" என்றார்.

சாயந்திரம் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். அப்போது ஒன்று தெரிந்தது. கண்ணுக்குப் பிடித்த புத்தகம் வேறு, வாய்க்குப் பிடித்த புத்தகம் வேறு. நான் காலேஜில் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய ஒரு நாவல் (பெயர் வேண்டாம், ஆசிரியர் இருக்கிறார்) இரண்டு பக்கத்துக்கு மேல் தாங்கவில்லை. நாக்கு இழுத்தது. பெரியப்பா கொட்டாவி விட்டார். பெரியம்மா எழுந்து போய் வெங்காயம் உரித்தார்.

தாங்கியவை சில. தேவனின் 'துப்பறியும் சாம்பு' முதல் நாளே ஜெயித்தது. மானேஜரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்த பாங்க் குமாஸ்தா, அசட்டு அதிர்ஷ்டத்தால் துப்பறிகிற கதை. ஆபீஸ் போகிற ஒவ்வொருவரும் மானேஜர் லீவில் இருக்கும்போது படிக்க வேண்டியது. தேவன் 1957-ல் காலமாகிவிட்டார், சாம்பு இன்னும் சிரிக்க வைக்கிறான். 'பொன்னியின் செல்வன்' படிக்கும்போது நான் சாமர்த்தியமாக வர்ணனையை நாலு வரி தாண்டினேன். "நில்லு, வீராணம் ஏரியை விட்டுட்ட" என்றார் பெரியப்பா. அதற்கப்புறம் தாண்டவில்லை.

ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்', 1942-ல் வந்தது. சின்னப் புத்தகம்தான். ஒரு விதவை, குடும்பச் சொத்தில் தன் பங்கைக் கேட்கிறாள், அவ்வளவுதான் விஷயம். கொங்குப் பேச்சு. நான் பட்டணத்து நாக்கோடு படிக்க, பெரியம்மா உள்ளேயிருந்து, "அப்பிடிச் சொல்ல மாட்டாங்க சாமி, இழுத்துச் சொல்லோணும்" என்று திருத்திக்கொண்டே வந்தார். மூன்றாவது நாள் வெங்காயத்தைத் திண்ணைக்கே கொண்டு வந்துவிட்டார். பாகப்பிரிவினை பற்றி பி.காமில் எனக்கு யாரும் இவ்வளவு சொல்லித் தரவில்லை.

நம் பக்கத்து ஆள் பெருமாள்முருகன், திருச்செங்கோட்டுக்காரர். அவருடைய 'நிழல் முற்றம்' 1993-ல் வந்தது. சினிமா தியேட்டரில் சோடா விற்கிற பையன்களின் கதை. அதைப் படித்த அன்று பஸ் ஸ்டாண்டிலிருந்து இரண்டு கோலி சோடா வாங்கி வந்தேன், பெரியப்பாவுக்கு உப்புப் போட்டு. அசோகமித்திரனின் 'தண்ணீர்' சென்னையில் குழாயடியில் குடத்தோடு நிற்கிறவர்களின் கதை. அதற்கு மட்டும் எந்தப் பானமும் சரிப்படவில்லை. பெரியப்பா பானைத் தண்ணீர் ஒரு டம்ளர் கேட்டு வாங்கி, நிதானமாகக் குடித்தார்.

இந்தச் சமயத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஏழாவது நாள், சாம்பு ஒரு திருட்டுக்குள் மாட்டிக்கொண்டு முழிக்கிற இடத்தில் புத்தகத்தை மூடினேன்.

"ஏன் நிறுத்திட்ட?"

"காலையில மெஷின்ல பாப்பம் பெரியப்பா. 130-க்குள்ள இருந்தா மீதி."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இதை எங்க கத்துக்கிட்ட?" என்றார்.

"இதே திண்ணையிலதான்."

பெரியம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ராத்திரி பானைப் பக்கம் சத்தம் வரவில்லை. காலையில் 138. படிக்கவில்லை. அவர் என்னோடு பேசவில்லை. அதற்கடுத்த நாள் 127. திண்ணைக்கு எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்.

கிளம்புகிற அன்று நேரம் இருந்ததால் தாரமங்கலம் போய் கைலாசநாதர் கோயில் கல்சங்கிலியைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரே கல்லில் வளையம் வளையமாகச் செதுக்கியது. அதைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். பெரியம்மா இரண்டு கிலோ மல்கோவாவும், ஒரு பாட்டில் மாங்காய்க் கூழும் கட்டிக் கொடுத்தார். கூழ் பாட்டில் கருப்பூர் தாண்டுவதற்குள் கசிந்து, என் மூன்று வேட்டிகளிலும் ஒரு மாமிக் கடை வாசனை. பெரியம்மாவிடம் பானை விஷயத்தை பஸ் ஏறும்போதுதான் சொன்னேன். "எனக்குத் தெரியாதாக்கும்?" என்றார். "வெல்லம் கொறையறது கணக்கு வராதா? சொன்னா சண்டை வரும், அந்தாளு சோறு திங்க மாட்டாரு. அதான் வர வர அதுல தண்ணியா ஊத்தி வெச்சேன்."

இப்போது ஏற்பாடு இதுதான். காலையில் பக்கத்து வீட்டுப் பெண் மெஷினை போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறது. 130-க்குள் இருந்தால், சாயந்திரத்துக்குள் நான் ஒரு அத்தியாயம் படித்து போனில் பதிவு செய்து அனுப்புகிறேன். சாம்பு முடிந்து, 'நாகம்மாள்' இரண்டாவது தடவை முடிந்து (பெரியம்மா கேட்டது), மறுபடி சாம்பு ஓடுகிறது. மிக்ஸி சத்தம், குக்கர் விசில், எங்கள் தெருவில் ஐஸ் வண்டி மணி எல்லாம் அதில் உண்டு. ஐஸ் வண்டி மணி கேட்ட அன்று பெரியப்பா, "அதை மட்டும் வெட்டிட்டு அனுப்பு" என்றார்.

முந்தாநாள் போட்டோ வரவில்லை. ஒன்பது மணிக்கு அவர் குரலே வந்தது.

"நூத்தி அம்பத்திரண்டு. பொய் சொல்ல மாட்டேன். மேல் வீட்டுக் கலியாணத்துல பாயசம். இன்னிக்கு நீ படிக்க வேண்டாம்." கொஞ்சம் இடைவெளி. "ஆனா அந்தத் திருடன் யாருன்னு மட்டும் சொல்லிடு. மறந்து போச்சு."

மறக்கவில்லை, நடிப்பு. நான் சொல்லவில்லை.

இன்று காலை 121. இதை எழுதி முடித்துவிட்டுப் பதிவு செய்ய உட்கார வேண்டும்.